அறுவடை வரிசைக்கு ஒரு திரை

எட்டு வருடங்கள் நான் திரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் வெப்சைட் வேலை பார்த்தேன். ஒருவர் போனில் ஒரு பட்டனைத் தட்டுகிறார். அது எங்கோ இருக்கும் சர்வருக்குப் போகிறது. அங்கே எழுதிவைத்து, சரிபார்த்து, பதில் திரும்பி வருகிறது. அந்த "அங்கே" மட்டும்தான் என்னுடையது. பட்டன் என்ன நிறம், எழுத்து எவ்வளவு பெரிது, எந்த மூலையில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் வேறு ஆளின் வேலை. நேர்காணல்களில் "ஃபிரண்ட்-எண்ட் தெரியுமா?" என்று கேட்டால், "தேவைப்பட்டால் பார்த்துக்கொள்வேன்" என்பேன். தேவைப்படவே படாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அதில் திமிரும் கொஞ்சம் உண்டு. சென்னையில் ஐந்து வருடம் இருந்துவிட்டு, தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் ஒரு மாடியில் இருந்த சின்னக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்தான் திரை வேலை முழுவதையும் பார்த்தாள். மன்னார்குடிக்காரி, என் வயது. முதல் மாதத்திலேயே அவளிடம் சொன்னேன்: "நான் வீட்டக் கட்டுறேன், நீ சுண்ணாம்பு அடிக்கிற."

அவள் கோபப்படவில்லை. "குடி வர்றவங்க செவுத்தத்தான்டி பாப்பாங்க" என்றாள். அப்படியே நாங்கள் நல்ல தோழிகளும் ஆகிவிட்டோம்.

அந்தக் கம்பெனிக்குத்தான் நீடாமங்கலம் பக்கத்து விவசாயிகள் குழுவின் வேலை வந்தது. ஐந்து ஊர் சேர்ந்த குழு அது. அதில் ஒன்று என் ஊர். அவர்களிடம் இரண்டு அறுவடை மிஷின் இருந்தது. சம்பா நெல் தை மாதத்தில் பழுக்கும்போது எல்லா வயலும் ஒரே சமயத்தில் பழுக்கும், எல்லோருக்கும் மிஷின் நாளைக்கே வேண்டும். குழுவின் செயலாளருக்கு விடிந்ததிலிருந்து போன் வந்தபடி இருக்கும். யார் குரல் பெரிதோ, யாருக்கு டிரைவரைத் தெரியுமோ, அவர் வயலுக்குத்தான் மிஷின் முதலில் திரும்பும். மற்றவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நிற்பார்கள்.

செயலாளர் நாற்பத்தைந்து வயதுப் பெண். அவருடைய அப்பா அம்மா பண்ணை வேலைக்குப் போனவர்கள். இவர் படித்து, நிலம் வாங்கி, சாகுபடி செய்து, ஐந்து ஊருக்கும் பேசுகிறவராக ஆகியிருந்தார். எங்கள் மாடிக்கு வந்து, கொடுத்த டீயைக்கூடத் தொடாமல் சொன்னார்: "எனக்கு ஒரே ஒரு வரிசை வேணும். யாரும் என்னைக் கேக்காம, அவங்களே பாத்துத் தெரிஞ்சிக்கற வரிசை. செய்ய முடியுமா?"

"முடியுங்க" என்றேன், எங்கள் முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்னால்.

அந்த வேலையை ஆசையாகச் செய்தேன். எந்த வயல் எப்போது பழுக்கிறது, தண்ணீர் வடிந்துவிட்டதா, மிஷின் எந்த வாய்க்கால் கரையிலிருந்து எந்தக் கரைக்குப் போக வேண்டும், எல்லாவற்றையும் வைத்து தினமும் காலையில் வரிசையைத் தானே போடுகிற நிரல் எழுதினேன். சோதனைக்கு நூற்றுக்கணக்கான பொய் வயல்களைக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. திரை வேலையைத் தோழி அடுத்த மாதம் முடிப்பதாக ஏற்பாடு. அவள் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. கணக்குப்படி அவளுக்கும் அவள் வேலைக்கும் நேரம் இருந்தது.

குழந்தை அந்தக் கணக்கை மதிக்கவில்லை. மார்கழி பாதியிலேயே பிறந்துவிட்டது.

முதலாளி என் மேஜைக்கு வந்தார். "ஸ்கிரீன நீங்களே முடிச்சிடுங்க."

"சார், நான் பேக்-எண்ட்."

"எட்டு வருஷமா வெப்லயே இருக்கீங்க. ஒரு ஃபார்ம் போடத் தெரியாதா?"

தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். நான்கு நாளில் முடித்தேன். டேட்டாபேஸில் என்னென்ன கட்டங்கள் இருந்தனவோ அத்தனையையும் அதே வரிசையில் திரைக்குக் கொண்டுவந்தேன். பெயர், ஊர், பட்டா எண், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு ஹெக்டேரில், அறுவடைத் தேதி, இயந்திர வகை ஒன்று அல்லது இரண்டு. வெள்ளைப் பின்னணியில் இளஞ்சாம்பல் எழுத்து. ஆபீஸ் ஏசி அறையில் பார்க்க அடக்கமாக, அழகாக இருந்தது. மேலே பச்சை வயலின் பெரிய படம் ஒன்று. நான் திருப்தியாக மடிக்கணினியை மூடினேன்.

குழுவின் நெல் குடோனுக்கு வெளியே, ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரையும் கூட்டினார் செயலாளர். நாற்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் வயலிலிருந்து அப்படியே வந்திருந்தார்கள். என் அம்மாவும் வந்திருந்தார். ஒன்பது மா நிலம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர், குழுவில் உறுப்பினர். கூட்டத்தின் பின்வரிசையில், என்னைத் தெரியாதவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். மகள் பேசப்போகிறாள் என்கிற பெருமையை அவர் அப்படித்தான் ஒளித்துவைப்பார்.

நான் பேசினேன். லிங்க்கை அனுப்பினேன். எல்லோரும் போனைக் குனிந்து பார்த்தார்கள். அதன்பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

முதலில் பக்கமே வரவில்லை. குடோனடியில் சிக்னல் ஒரு கோடுதான். என் பச்சை வயல் படம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அது வந்து முடிந்ததும் எல்லோரும் போனை முகத்தருகே கொண்டுபோனார்கள், கையால் நிழல் கட்டினார்கள், தலையில் கிடந்த துண்டை எடுத்துப் போன்மேல் கவிழ்த்தார்கள். பத்து மணி வெயிலில் என் இளஞ்சாம்பல் எழுத்து ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

"ஏம்மா, ஹெக்டேருன்னா எத்தன மா?" என்று ஒருவர் கேட்டார். எங்கள் பக்கத்தில் நிலத்தை மாவில்தான் சொல்வோம். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். எனக்கும் பிறந்ததிலிருந்து தெரிந்த கணக்குதான். ஆனால் நான் டேட்டாபேஸைக் கேட்டேன், என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"இயந்திர வகை ஒன்னா ரெண்டான்னு கேக்குது. எது ஒன்னு? செயின் வண்டியா, டயர் வண்டியா?" என்றார் இன்னொருவர். ஈர வயலில் செயின் வைத்த மிஷின்தான் இறங்கும், காய்ந்த வயலுக்கு டயர் போதும். என் நிரலில் ஒன்று செயின், இரண்டு டயர். அதை நான் திரையில் எழுதவேயில்லை.

ஒரு பெரியவர் மட்டும் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டார். ஆனால் பட்டனைக் காணவில்லை. எண் போடும் கீபோர்டு மேலே எழும்பி, பட்டனை மறைத்துக்கொண்டிருந்தது. நான் போய் அதைக் கீழே இறக்கிக் காட்டினேன். அவர் பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை, சிக்னல் மெதுவாக இருந்ததால் பதில் வர நேரமாயிற்று. மறுபடி அழுத்தினார். மறுபடியும். கடைசியில், "பதிவாயிடுச்சா இல்லியா, ஒன்னும் சொல்ல மாட்டேங்குதே" என்றார்.

என் மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். அந்த ஒரு வயல் ஆறு முறை பதிவாகியிருந்தது. வரிசையில் ஒன்றிலிருந்து ஆறு வரை அவரே நின்றுகொண்டிருந்தார்.

மற்றவர்களுக்கெல்லாம் வந்தது ஒரே பதில்தான். சிவப்பில்: "தவறான உள்ளீடு. குறியீடு 422."

செயலாளர் அந்தச் சிவப்பு எழுத்தைச் சத்தமாகப் படித்தார். பிறகு கூட்டத்தை அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார். திட்டியிருந்தால்கூட பரவாயில்லை. "ஏம்மா, உங்க பக்கம் எங்களக் கேள்வி மேல கேள்வி கேக்குது. நாங்க சொல்ற பதில மட்டும் ஏத்துக்க மாட்டேங்குது. அறுப்புக்கு மூணு வாரந்தான் இருக்கு, பாத்துக்குங்க."

அம்மாவோடு வீட்டுக்கு நடந்தேன். இரண்டு பக்கமும் நெல் தலை சாய்க்கத் தொடங்கியிருந்தது. பாதி வழியில் கேட்டேன்: "நீ போட்டுப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"வரலையா?"

"பட்டா நம்பர் கேட்டுச்சி. எம் பேருல ஏது பாப்பா பட்டா? நிலம் அவுங்களுது, சாகுபடிதான் நம்மளுது. சரி, இது நமக்கு இல்ல போலருக்குன்னு போன வச்சிட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். மனவருத்தம் எதுவும் குரலில் இல்லை. கடையில் நம் அளவுக்குச் செருப்பு இல்லை என்றால் திரும்பி வருவோமே, அந்த மாதிரி. அதுதான் என்னை அடித்துப்போட்டது. பட்டா எண் இல்லாமல் பதிவு செய்யக் கூடாது என்று எழுதியது நான். அந்த வரியை எழுதியபோது, தகவல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் நினைப்பு. அந்த ஐந்து ஊரில் வயலில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் குத்தகைக்காரர்கள் என்பது எனக்குத் தெரியாததா? குத்தகைச் சோறு தின்று வளர்ந்தவள் நான்.

இதில் இன்னொன்றும் புரிந்தது. பட்டா எண்ணைக் கட்டாயமாக்கியது திரையின் பிழை இல்லை. ஆறு முறை பதிவானதும் திரையின் பிழை மட்டுமில்லை. ஒரே வயல் ஆறு முறை வந்தால் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டியது என் சர்வர். ஒன்றுகூடத் தவறவில்லை என்று நான் மெச்சிக்கொண்ட நிரலில் இத்தனை ஓட்டை இருந்திருக்கிறது. திரைக்கு முன்னால் ஒரு மனுஷி நின்று முயன்று பார்க்கிற வரைக்கும் அது என் கண்ணில் படவில்லை.

மறுநாள் பஸ் ஏறி மன்னார்குடிக்குப் போனேன். தோழி அவள் அம்மா வீட்டில் இருந்தாள். குழந்தையைப் பார்த்தேன், கையில் வாங்கினேன், கொடுத்தேன். பிறகு நடந்ததையெல்லாம் சொன்னேன். 422 என்று சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

"குடு, பாப்போம்" என்று என் போனை வாங்கினாள். இடக்கையில் குழந்தை, வலக்கையில் போன். கட்டைவிரலால் மட்டும் தட்டிப் பார்த்தாள். மேல் மூலையில் இருந்த காலண்டர் பட்டனுக்கு விரல் எட்டவில்லை. போனை என் பக்கம் நீட்டினாள்.

"பாரு, ஒரு கைதான் காலியா இருக்கு. எனக்கே போட முடியல. அவங்க கையில அருவாளோ, மாட்டுக் கயிறோ, ஏதாவது ஒன்னு இருக்கும்ல?"

"நான் இப்ப இதெல்லாம் எப்பக் கத்துக்கறது? மூணு வாரத்துல உன் அளவுக்கு வர முடியுமா?"

"என் அளவுக்கு எதுக்குடி வரணும்? நான் பத்து வருஷமா இதையே பண்றேன். திரையில மினுக்கி ஓடுற அசைவெல்லாம் உனக்கு வேணாம். நீ செஞ்ச பக்கத்த நீயே வெயில்ல நின்னு, ஒரு கையால, அவசரத்துல போட்டுப் பாரு. எங்க மாட்டிக்குதோ அத மட்டும் கத்துக்க."

அன்றைக்கே தொடங்கினேன். முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஊரில் அம்மா வீட்டிலேயே தங்கினேன். காலையில் மாற்றி எழுதுவேன். பதினோரு மணி வெயிலில் போனோடு வரப்புக்குப் போவேன். எதிரில் வருகிறவரிடம், "அண்ணே, இதக் கொஞ்சம் போட்டுப் பாருங்க" என்று நீட்டுவேன். வாயே திறக்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டிருந்தேன். அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பார்ப்பேன். தயங்கிய இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து அதைத்தான் அன்றைக்குப் படிப்பேன்.

படிப்பதற்கு முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. கல்லூரி முதல் வருடப் பிள்ளைகள் படிக்கிற பாடம். ஒரு கட்டத்துக்கு மேல் அதன் பெயரை எப்படி எழுதுவது. எழுத்தின் கறுப்புக்கும் பின்னணியின் வெளுப்புக்கும் எவ்வளவு வித்தியாசம் வேண்டும். கீபோர்டு எழும்பினால் பட்டனை எப்படி அதற்கு மேலே நிறுத்துவது. ஒரு பட்டனைத் திரையின் நடுவில் கொண்டுவர ஒரு முழுக் காலை ஆயிற்று. மதியம் சாப்பிடும்போது அம்மாவிடம், "நடுவுல வந்துடுச்சி" என்றேன். "எது?" என்றார். "பட்டன்." அம்மா இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.

பச்சை வயல் படத்தைத் தூக்கி எறிந்தேன். வயலில் நிற்கிறவருக்கு வயல் படம் எதற்கு? எழுத்தைக் கறுப்பாக்கினேன், பெரிதாக்கினேன். ஹெக்டேரை எடுத்துவிட்டு "எத்தனை மா?" என்று கேட்டேன், அதை ஹெக்டேராக மாற்றுவது சர்வரின் பாடு. இயந்திர வகையை எடுத்துவிட்டு, "வயலில் ஈரம் இருக்கிறதா?" என்று கேட்டேன், எந்த வண்டி என்பதை நிரல் முடிவு செய்யட்டும். தேதி கேட்பதை விட்டுவிட்டு, "எப்போது அறுக்கலாம்? இந்த வாரம், அடுத்த வாரம், அதற்குப் பிறகு" என்று மூன்று பெரிய பட்டன் வைத்தேன். பட்டா எண்ணை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில், "சொந்தமா, குத்தகையா?" என்றுகூடக் கேட்கவில்லை. வயல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மிஷினுக்குப் போதும். பெயரையும் ஊரையும் குழுவின் உறுப்பினர் பட்டியலிலிருந்தே எடுத்துக்கொண்டேன். எட்டுக் கட்டம் இருந்த பக்கம் நான்கு கேள்வியாயிற்று.

பட்டனை ஒருமுறை அழுத்தியதும் அது மங்கி, "பதிவாகிறது, கொஞ்சம் இருங்க" என்று மாறும்படி செய்தேன். பிறகு சர்வருக்குப் போய், யார் எத்தனை முறை தட்டினாலும் ஒரு வயலுக்கு ஒரு பதிவுதான் என்று பூட்டினேன். முன்னாலும் பின்னாலும் நானே மாறிமாறி ஓடியதில் ஒரு சுகம் இருந்தது. எட்டு வருடமாக ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் மட்டும் புழங்கியவள் வாசல் வழியாக உள்ளே வந்த மாதிரி.

கடைசியாகச் செய்த ஒன்றுதான் பெரியது. அதுவரை வரிசை செயலாளருக்கு மட்டும் தெரிகிற மாதிரி இருந்தது. அவர் முதல் நாள் கேட்டது அதையா? யாரும் கேட்காமல் அவர்களே பார்த்துக்கொள்கிற வரிசை என்றல்லவா கேட்டார்? வரிசை முழுவதையும் எல்லோருடைய போனிலும் கொண்டுவந்தேன். உங்கள் எண் இது. மிஷின் இப்போது இந்த வயலில் நிற்கிறது. ஒவ்வொரு எண்ணுக்குக் கீழேயும், அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு வரி: "நெல் முழுதும் பழுத்தது. வயல் காய்ந்தது. மிஷின் இந்தக் கரையில்." அந்த வரிக்கான காரணம் எல்லாம் என் நிரலுக்குள் முதலிலிருந்தே இருந்தது. அதை வெளியே சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

செயலாளரிடம் காட்டினேன். குடோன் வாசலில் வெயிலில் நின்றே வாங்கிப் பார்த்தார். ஒரு கையில் சாவிக் கொத்து. கட்டைவிரலால் தட்டிக்கொண்டே போனார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவருடைய வயல் பதிவாகி நான்காம் எண் வந்தது. காரணத்தைப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இத யாரு செஞ்சது?"

"நாந்தான்க்கா."

"மொத தடவ செஞ்சது?"

"அதுவும் நாந்தான்."

வாய்விட்டுச் சிரித்தார்.

பக்கத்தைத் திறந்துவிட்டு ஒரு வாரம் நிதானமாகப் போயிற்று. முன்பழுத்த வயல்களுக்கு மிஷின் ஒவ்வொன்றாகப் போய் வந்தது. பிறகு ஒருநாள் காலைச் செய்தியில், மூன்று நாளில் கனமழை என்று சொன்னார்கள். தை மழை எங்கள் பக்கத்துக்குப் பரம விரோதி. பழுத்த நெல் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் முளைத்துவிடும். நான்கு மாத உழைப்பு வயலிலேயே அழுகும்.

நான் அப்போது தஞ்சாவூர் பஸ்ஸில் இருந்தேன். சர்வரைப் போனில் திறந்து பார்த்தபோது பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. யாரோ ஒருவர் பதற்றத்தில் பட்டனை ஒன்பது முறை தட்டியிருந்தார். பதிவானது ஒன்றே ஒன்று. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் அதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது, அடக்கிக்கொண்டேன். அம்மாப்பேட்டையில் இறங்கி, எதிர்ப் பஸ் பிடித்து ஊருக்குத் திரும்பினேன். பாதி வழியில் என் அம்மாவின் போன்.

"பாப்பா, ஏழுன்னு வந்திருக்கு."

"என்ன ஏழு?"

"நம்ம வயலு. நானே போட்டேன். வரப்புல நின்னுக்கிட்டே போட்டேன். நாலு கேள்விதான் கேட்டுச்சி." பிறகு சொன்னார்: "பட்டா கேக்கல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குடோனுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது செயலாளர் மேஜைக்கு எதிரில் பெரிய பண்ணைக்காரர் உட்கார்ந்திருந்தார். வாய்க்கால் ஓரமாகப் பதினைந்து ஏக்கர் ஒரே துண்டாக அவருடையது. போன தலைமுறையில் எங்கள் தெருவே அவர்கள் வயலில்தான் வேலை பார்த்தது. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. மிஷின் தன் வயலுக்குத்தான் முதலில் வரும் என்று பழகிப்போனவர்.

"என்னம்மா இது, என் வயலு பதினொன்னுன்னு வருது?"

செயலாளர் பதறவில்லை. போனைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். "உங்களுக்கு முன்னாடி பத்துப் பேரு இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் காரணம் கீழயே போட்டிருக்கு. படிச்சிப் பாருங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒவ்வொன்றாக, விரலால் தள்ளித்தள்ளி. ஏழாவது பெயரில் விரல் நின்றது. அது என் அம்மாவின் பெயர்.

"இவுங்க குத்தகதானே?"

"நெல்லுக்கு அது தெரியாதுங்களே" என்றார் செயலாளர். "பழுத்து ஒரு வாரமாச்சி. வயலும் காஞ்சிருக்கு. மிஷின் அந்தக் கரையிலேர்ந்துதான் உங்க கரைக்கு வரணும். அதோட உங்க வயல்ல இன்னும் ஈரம் இருக்குன்னு நீங்களே போட்டிருக்கீங்க."

அவர் என்னைப் பார்த்தார். "நீதான் செஞ்சதாமே. இத மாத்த முடியாதா?"

நான் மேஜைப் பக்கம் வந்தேன். "மாத்தலாங்க. அக்கா கையில அந்த வழி இருக்கு. ஆனா மாத்தினா, யாரு எதுக்காக மாத்துனாங்கன்னு எல்லாருடைய போன்லயும் வந்துடும்."

குடோன் வாசலில் நின்ற நான்கைந்து பேரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டைப் பையில் வைத்தார். பிறகு எழுந்தார்.

"அப்ப வேணாம்மா. பதினொன்னுக்கே நிக்கிறேன்." வாசல் வரை போய்த் திரும்பினார். "எழுத்து நல்லாப் பெருசாப் போட்டிருக்க. கண்ணாடி இல்லாமயே தெரியும் போல."

மறுநாள் காலை பத்து மணிக்கு மிஷின் எங்கள் வயலில் இறங்கியது. அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஹெக்டேர் கேட்டுத் திணறியவர்களில் ஆறேழு பேர் வரப்பில் நின்றார்கள். யாரும் டிரைவரைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. போனைப் பார்த்து, "உங்களுக்கு அடுத்து நாங்க, ரெண்டு மணிக்கு வந்துடும்" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மாவும் மதியத்துக்குள் முடிந்தது. மிஷின் தொட்டியிலிருந்து நெல் டிராக்டர் டிரெய்லரில் கொட்டியபோது அம்மா இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தார், என் தலையில் கொஞ்சம் தூவினார். "நீ அறுத்ததுதான்" என்றார். நான் அரிவாளைத் தொட்டுப் பல வருடம் ஆயிற்று. ஆனாலும் அதை மறுக்கவில்லை.

பெரிய பண்ணையின் பதினைந்து ஏக்கரும் மூன்றாம் நாள் மதியம் முடிந்தது. அன்று மாலை மழை பிடித்தது. வரிசையில் இரண்டு வயல் மட்டும் மிச்சமிருந்தன; அவை சாய்ந்துவிட்டன. தண்ணீரை வடியவிட்டு நான்கு நாள் கழித்துச் செயின் வண்டி இறக்கி, முக்கால்வாசி நெல்லை எடுத்தார்கள். முந்தைய வருடம் இதே மாதிரி மழையில் பாதி வயல் போயிருந்தது என்று செயலாளர் சொன்னார். நான் எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. குடோன் தகரக்கூரையில் மழை அடித்தது. உள்ளே நெல் மூட்டைமேல் உட்கார்ந்து எல்லோரும் சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, குறுவை நடவு சமயத்தில், தோழி வேலைக்குத் திரும்பினாள். அதற்குள் இன்னும் மூன்று ஊர்க் குழுக்கள் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டிருந்தன. அவள் என் திரை நிரலைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"என்னடி இது, ஒரே கலரப் பதினாலு எடத்துல எழுதி வச்சிருக்க?"

"வேலை செய்யுதுல்ல?"

"அதான் ஆச்சரியமா இருக்கு."

நான் மூன்று வாரம் போராடிச் செய்ததை இரண்டு நாளில் பாதியாகச் சுருக்கினாள். கேள்விகளையும் அந்தக் காரண வரியையும் மட்டும் அப்படியே விட்டாள். அவள் கை போகிற வேகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த இடத்துக்கு நான் ஒருநாளும் போகப்போவதில்லை என்று தெரிந்தது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. எனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கிடைத்துவிட்டது. என் வேலையைத் தொடுகிறவரின் விரல் தடுமாறினால், அது ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும். அந்த இடத்தை நானே சரிசெய்யவும் தெரியும்.

மூன்றாம் நாள் அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "நீ மட்டும் என் பக்கம் வந்துட்டுப் போவியா? டேட்டாபேஸ்ல கேள்வி கேக்கறது எப்படின்னு சொல்லிக்குடு. எந்த ஊருல எத்தன வயலு பாக்கின்னு நானே எடுத்துப் பாக்கணும்."

காண்பித்தேன். அவள் தானே எழுதினாள், இரண்டு முறை அழித்தாள், மூன்றாவது முறை ஓடவிட்டாள். எட்டு ஊரின் பெயரும் எண்ணோடு சரசரவென்று இறங்கியது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, இரண்டு கையையும் தூக்கிக் கூவிய கூவலில் முதலாளி அறைக்கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.